படிகத்துக்கு வைத்த பொட்டு

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். இதை மறைத்துவிட்டு எழுதினால் நடந்தது எதுவும் விளங்காது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போர்க்காலத்தில் குண்டு விழுமென்று பயந்து பட்டணமே காலியானபோது, நான் பௌதிகம் கற்பித்த கல்லூரியையும் மூடினார்கள். மனைவியோடு சொந்த ஊரான அதியமான்கோட்டைக்கு வந்து சேர்ந்தேன். பெட்டியில் துணிமணியைவிடக் கருவிகள்தான் அதிகம். அப்போது படிகக் கல்லை ஆராய்ந்துகொண்டிருந்தேன். தெளிந்த படிகத்தைச் சரியான கோணத்தில் அறுத்து, மெல்லிய தட்டாகத் தேய்த்து, மின்சாரம் கொடுத்தால் அதன் உடம்பு முழுவதும் அதிரும். கண்ணுக்குத் தெரியாது, காதுக்கும் எட்டாது. ஆனால் நொடிக்கு இத்தனை தடவை என்று பிசகாமல் அதிரும். தட்டு மெலிய மெலிய வேகம் கூடும். கம்பியில்லாத் தந்திக் கருவி தன் அலைவரிசையை விட்டு நகராமல் நிற்பதே இந்தத் தட்டால்தான். பட்டாளத்துக்கு அது ஏராளமாகத் தேவைப்பட்டது. கல்லோ கப்பலில் வரவேண்டியிருந்தது. நம் பக்கத்துக் கல் தேறுமா என்று பார்த்து எழுதும்படி ஓர் அலுவலகம் என்னைக் கேட்டுக்கொண்டது. தேறினால் கல் கிடைத்த இடத்திலேயே தோண்டுவார்கள்.

எனக்குக் கல் கொண்டுவந்து கொடுத்தவர் வத்தல்மலைக்காரர். சாமையும் ராகியும் போடுகிற மனிதர். அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. மைசூர்ப் பக்கத்துச் சுரங்கத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று ஊரில் பேச்சு.

"மண்ணுக்குள்ள எறங்க எனக்கு மனசு வரலீங்க வாத்தியாரய்யா. இந்தக் கல்லு தேறிடுச்சுன்னா வூட்டோட இருந்து பொழச்சுக்குவேனுங்க" என்றார்.

"ஒண்ணே ஒண்ணு சொல்றேன், கேட்டுக்குங்க. தீ மூட்டிப் பாறையைப் பொளக்கக் கூடாது. கடப்பாரையிலதான் எடுக்கணும். சூடு ஏறிட்டா இந்தக் கல்லு உள்ளுக்குள்ள கெட்டுடும். வெளியில பாத்தா ஒண்ணும் தெரியாது."

மலையில் விறகு அடுக்கித் தீ வைத்துப் பாறையைப் பிளப்பதுதான் வழக்கம். அவர் தலையாட்டினார். "தீ காட்டமாட்டனுங்க. எம்புள்ள மேல ஆணை."

கொண்டுவந்ததில் ஒரு கல் கண்ணீர்போல் தெளிவாக இருந்தது. அதை அறுக்கவே பல நாள் ஆயிற்று. பிறகு கண்ணாடிப் பலகையில் தேய்ப்புப் பொடியும் தண்ணீரும் விட்டு நானும் மனைவியும் மாற்றி மாற்றித் தேய்த்தோம். அவள் கை என் கையைவிட நிதானம். "உங்க கோவத்தையெல்லாம் கல்லு மேல காட்டாதீங்க, ஒடஞ்சிடப் போவுது" என்பாள். வேண்டிய தடிமனுக்குத் தட்டு வந்து சேர்ந்தபோது மறுநாள் ஆயுத பூஜை. கருவியில் ஓட்டிப் பார்ப்பதைப் பூஜைக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

பூஜையில் ரம்பம், அளவுகோல், பாட்டரி எல்லாவற்றையும் கழுவி வரிசையாக வைத்தோம். புதுத் தட்டையும், பல வருஷமாக என்னோடு இருக்கும் பழைய சீமைத் தட்டையும் பக்கத்தில் வைத்தேன். ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம். அந்தத் தட்டுகளுக்கு நானே மோதிர விரலால் பொட்டு வைத்தேன். மறுநாள் ஈரத் துணியால் துடைத்தேன்.

புதுத் தட்டைக் கருவியில் பொருத்தினேன். இரண்டு விநாடி திக்கித் திணறி அதிர்ந்தது, நின்றது. மறுபடி மறுபடி அதேதான். அதிர்ந்த நேரத்திலும் வேகம் கணக்குக்கு வரவில்லை. எனக்குத் தலைக்குள் ஒரே ஒரு காரணம்தான் ஓடியது.

தர்மபுரிச் சந்தையில் அவரைப் பிடித்தேன். "தீ வெச்சுத்தானே ஒடச்சே? புள்ள மேல சத்தியம் பண்ணிட்டுப் பொய் சொல்றியா?" என்று கத்தினேன். அதுவரை 'வாங்க, போங்க' என்று பேசிய வாய் அது. சந்தையே திரும்பிப் பார்த்தது. அவர் "இல்லீங்க... இல்லீங்க" என்று இரண்டு தடவை சொன்னார். நான் விடுவிடுவென்று வந்து, வத்தல்மலைக் கல் உதவாது என்று அலுவலகத்துக்கு எழுதிப் போட்டேன்.

ஒரு வாரம் கழித்து வேறு வேலைக்காகப் பழைய சீமைத் தட்டை எடுத்துப் பொருத்தினேன். அதுவும் திக்கியது! எத்தனையோ வருஷம் ஒரு நாள்கூடத் தவறாத தட்டு. உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தேன். தேய்த்த பரப்பில் மஞ்சள் படலம், இருக்கிறதோ இல்லையோ என்று ஒரு சாயல். அடப்பாவி, சந்தனம்! புதுத் தட்டிலும் அதே சாயல். இரண்டையும் சாராயத்தில் கழுவிக் காயவைத்தேன். இரண்டும் பிசகாமல் ஓடின. மலைக் கல் சீமைக் கல்லுக்கு ஒரு மயிரிழைகூடக் குறைவில்லை.

தராசில் நிற்காத அந்தத் துளியையே தட்டு பாரமாக உணர்ந்திருக்கிறது. இதை வைத்து எடையே பார்க்கலாமே என்று மனசு ஒரு கணம் துள்ளியது. வெட்கங்கெட்ட மனசு. பழைய தட்டை அன்றைக்கே ஓட்டிப் பார்த்திருந்தால் கால் மணி நேரத்தில் எல்லாம் விளங்கியிருக்கும். பாடம் நடத்தும்போது பிள்ளைகளுக்கு இதைத்தானே முதலில் சொல்வேன்? அவர்மேல் சந்தேகப்படத் தெரிந்த எனக்கு என் விரல்மேல் சந்தேகம் வரவில்லை. இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

அலுவலகத்துக்கு அன்றே மறு கடிதம் போட்டேன். அதற்குக் கடைசிவரை பதில் வரவில்லை. மறுநாள் விடியலில் மலை ஏறினேன். அவர் வீட்டு வாசலில் மனைவி ராகி புடைத்துக்கொண்டிருந்தார், இடுப்பில் குழந்தை.

"அவரு சொரங்கத்துக்குப் போயி நாலு நாளாச்சுங்க."

"கல்லு நல்ல கல்லும்மா. தப்பு என்னோடது" என்றேன்.

"கல்லு போவுதுங்க" என்றார் அவர். "பொய்க்காரன்னு வாத்தியாரு சந்தைல வெச்சுச் சொல்லிட்டாருன்னு ரெண்டு நாளு சோறு திங்கல. இனி இந்தூருல எப்பிடித் தலகாட்டறதுன்னுதான் கெளம்பிட்டாருங்க."

"அவருக்குக் கடிதம் எழுதறேன். இப்பவே எழுதறேன்."

"அவருக்குப் படிக்கத் தெரியாதுங்க. அங்க யாராச்சும் படிச்சுக் காட்டணும்."

வாசலிலேயே உட்கார்ந்து எழுதினேன். நீங்கள் தீ காட்டவில்லை, பொய் சொல்லவில்லை, என் கை அழுக்கை உங்கள்மேல் பூசினேன், மன்னிக்க வேண்டும் என்று நாலே வரி. மடிக்கப் போனேன். அந்த அம்மாள் தடுத்தார்.

"இருங்க. இங்கயும் ஒரு தடவ படிங்க."

சொல்லிவிட்டு அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் குரல் கொடுத்தார். ஆணும் பெண்ணுமாக வந்து சுற்றி நின்றார்கள். நான் எழுந்து நின்று படித்தேன். மூன்றாவது வரியில் குரல் தேய்ந்துவிட்டது.

"சரியா கேக்கலீங்க" என்றார் அந்த அம்மாள். "மொதல்ல இருந்து படிங்க."