பிணம் பேசிய வசனம்

அவருக்குப் பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பள வவுச்சரில் மட்டும்தான் பிழைத்துக் கிடந்தது. ஸ்டுடியோவில் டீ கொடுப்பவரிலிருந்து தயாரிப்பாளர் வரை எல்லோருக்கும் அவர் பொணம் அண்ணன். "பொணம் அண்ணே, சாப்பிட வாங்க" என்று கூப்பிடுவார்கள். அவரும் எழுந்து கை கழுவப் போவார். புதிதாக வந்தவர்கள் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். அவருக்கு அதெல்லாம் உறைத்துப் பல வருஷம் ஆகிவிட்டது.

டி.வி. தொடர்களில் செத்துக் கிடப்பதுதான் அவர் தொழில். விபத்து, விஷம், வெள்ளம், பங்காளிச் சண்டை, எதுவானாலும் கடைசியில் வெள்ளைத் துணிக்கு அடியில் அவர்தான் இருப்பார். சாவது சுலபம் என்பார் அவர். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழ யாராலும் முடியும். செத்துக் கிடப்பதுதான் பெரும்பாடு. மாமியார் முகம், மருமகள் முகம், சொத்துக்கு அலையும் மைத்துனன் முகம் என்று கேமரா ஒவ்வொன்றாக மொய்க்கும்வரை அப்படியே கிடக்க வேண்டும். ரத்தம் என்று பூசுவது சாயம் கலந்த சர்க்கரைப் பாகு. அது நடிப்பு என்று எறும்புக்கு யார் சொல்வது? மற்றப் பிணங்கள் தும்மும், சொறியும், சிரித்துத் தொலைக்கும். இவர் வயிறு அசையாமல் முதுகுப் பக்கமாகவே மூச்சு விடப் பழகியிருந்தார். ஒருமுறை ஸ்டுடியோப் பூனை அவர் மார்பில் ஏறிச் சுருண்டு படுத்துக்கொண்டது. டைரக்டருக்கு அது பிடித்துப்போய், பூனையோடு சேர்த்தே ஷாட்டை எடுத்தார்கள்.

இத்தனை திறமையையும் கண்ணால் பார்க்காத ஒரே ஆள் அவர் மனைவி. சட்டைக் கம்பெனியில் பொத்தான் தைக்கிறவள். கூட வேலை செய்கிற பெண்கள் காலையில் மெஷினைத் தட்டிவிடும்போதே, "நேத்து உங்க வீட்டுக்காரர் எத்தன தடவ செத்தார்?" என்று ஆரம்பிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரித்துவைப்பாள். ஆனால் வீட்டில் டி.வி.யில் அவர் விழப்போகிறார் என்று தெரிந்தாலே எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். டி.வி.யில் செத்துக் கிடப்பவர் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருப்பார். உள்ளே பாத்திரங்கள் தேவையில்லாமல் உருளும். "உசிரோட இருக்கற மனுஷனை அப்படிப் பார்க்க எனக்குத் தெம்பு இல்ல" என்று ஒரே ஒருமுறை சொன்னாள். அதற்குப் பிறகு அவர் கூப்பிடவில்லை. ஊரே பார்த்த நடிப்பை அவள் பார்க்கவில்லை என்ற குறை மட்டும் உள்ளேயே கிடந்தது.

அப்படியிருக்கும்போதுதான் ‘கரையில்லாக் கருணை’ என்ற தொடர் வந்தது. அதைப் பற்றிச் சொல்லுமுன் அவர் இருந்த நாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு தலைமுறைக்கு முன் அது நடுவில் ஓடும் ஆற்றோடு இரண்டாகப் பிளந்துபோனது. அக்கரை, இக்கரை. ஸ்டுடியோ இருந்தது இக்கரையில். இரண்டு கரைக்கும் ஒரே பாஷை, ஒரே கடவுள், ஒரே பிரார்த்தனை. அக்கரைக்காரர்கள் நின்றுகொண்டு கும்பிடுவார்கள். இக்கரைக்காரர்கள் மண்டியிட்டுக் கும்பிடுவார்கள். இவ்வளவுதான் வித்தியாசம். இதற்காக விழுந்த பிணங்களில் ஒன்றுகூடக் கட் சொன்னதும் எழுந்து டீ குடிக்கப் போகவில்லை. கேட்கிற கடவுள் நின்றுகொண்டு கேட்கிறாரா, உட்கார்ந்து கேட்கிறாரா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

சேனலுக்கு ஒரு விருது தேவைப்பட்டது. மாமியார் மருமகள் சண்டைக்கு விருது கொடுப்பதில்லை, இரக்கத்துக்குக் கொடுக்கிறார்கள். எனவே ஆற்றங்கரை ஆஸ்பத்திரி ஒன்றும், துறவு பூண்ட நர்ஸ் ஒருத்தியும், இரு கரைக் காயம்பட்டவர்களும் கதையானார்கள். நர்ஸை எல்லோரும் சிஸ்டர் என்று கூப்பிட வேண்டும். டைரக்டர் நல்ல மனிதர்தான். அன்பு என்று சொல்லும்போதே அவருக்குக் குரல் தழுதழுக்கும். உதவியாளரைத் தாயைப் பழித்துத் திட்டும்போது மட்டும் கணீரென்று இருக்கும்.

அவர் ஒருநாள் பொணம் அண்ணனைத் தோளில் கைபோட்டுக் கூட்டிக்கொண்டு போய், "அண்ணே, இந்தத் தடவை உங்களுக்கு உசிர் குடுக்கறேன்" என்றார். அக்கரைச் சிப்பாய் வேஷம். குண்டடி பட்டு வருகிறான். சாகுமுன் எழுந்து நின்று தன் வழக்கப்படி கும்பிடப் பார்க்கிறான், முடியாமல் விழுகிறான். சிஸ்டரைப் பார்த்து, "அக்கா, கொஞ்சம் தண்ணி" என்று கேட்கிறான். எதிரி நாட்டான் என்று தெரிந்தும் அவள் தலையைத் தாங்கித் தண்ணீர் கொடுக்கிறாள். குடித்துவிட்டுச் சாகிறான். மூன்று வார்த்தை. தொழிலுக்கு வந்ததிலிருந்து அவருக்குக் கிடைத்த முதல் வசனம்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்த நடையிலேயே மனைவிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. விஷயத்தைக் கேட்டதும் கையிலிருந்த ஊசியை ரவிக்கையில் குத்திக்கொண்டு, "பேசறீங்களா? குரல் உங்களோடதா?" என்று கேட்டாள். என்னோடதுதான் என்றார். அப்படியானால் பேசி முடிக்கிறவரைக்கும் உட்கார்ந்து பார்க்கிறேன், அதற்கு மேல் என்னைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றாள். அவருக்கு அது போதும். எந்த விருதும் அவருக்கு அதைவிடப் பெரிதாகப் படவில்லை.

பிறகு பத்து நாள் அந்த வீட்டில் தாகம் தலைவிரித்தாடியது. குளிக்கும்போது கேட்டார், பஸ்ஸுக்கு நிற்கும்போது முணுமுணுத்தார். பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள் பாட்டிலை நீட்டினாள். ‘கொஞ்சம்’ என்பதில் அழுத்தம் கொடுப்பதா, ‘தண்ணி’யில் கொடுப்பதா என்று புருஷன் பெண்டாட்டிக்குள் வாக்குவாதம்கூட நடந்தது. சாகப்போகிறவன் அழுத்தமெல்லாம் பார்க்க மாட்டான், அக்கா என்று கூப்பிடுவதில்தான் உயிர் இருக்க வேண்டும் என்றாள் அவள். அவர் அதை ஏற்றுக்கொண்டார். அவள் கம்பெனியில் எல்லோருக்கும் சொல்லிவிட்டாள். ஊரிலிருந்த தம்பிக்கும் போன் போட்டுச் சொன்னாள்.

சேனலில் ஆலோசனைக் குழு என்று ஒன்று இருந்தது. ஒரு ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி, ஒரு சமயப் பெரியவர், ஒரு வக்கீல். யார் மனமும் புண்படாமல் பார்த்துக்கொள்வது அவர்கள் வேலை. அந்தக் காட்சி அவர்களிடம் போனது. அக்கரைச் சிப்பாய் நின்று கும்பிட்டால் அது எதிரி வழிபாட்டுக்கு விளம்பரம் என்றார் சமயப் பெரியவர். சரி, மண்டியிட்டுக் கும்பிடட்டும் என்றார் டைரக்டர். அப்படியானால் சாகிற நேரத்தில் மதம் மாற்றினோம் என்று அக்கரையில் கொடியைத் தூக்குவார்கள் என்றார் வக்கீல். கும்பிடுவது போனது. அடுத்தது தண்ணீர். எதிரி கேட்டு நாம் கொடுத்தால் எல்லையில் நிற்கும் நம் பையன்களுக்கு மனசு விட்டுப்போகும் என்றார் ராணுவ அதிகாரி. கேட்டுக் கொடுக்காவிட்டால் சிஸ்டருக்குக் கருணை இல்லை என்றாகும், பிறகு தலைப்புக்கு என்ன பதில் என்றார் டைரக்டர். நால்வரும் பிஸ்கட்டை முடித்தார்கள்.

வக்கீல்தான் வழி சொன்னார். "வரும்போதே செத்து வரட்டும். செத்தவனுக்கு இரக்கம் காட்டினா யாரும் கேஸ் போட முடியாது."

எல்லோருக்கும் நிம்மதி. சிஸ்டர் பிணத்தின் தலைமாட்டில் நின்று கருணையைப் பற்றி நீளமாகப் பேசுவதாக மாற்றினார்கள். பொணம் அண்ணனிடம் யாரும் தனியாகச் சொல்லவில்லை. மேக்கப் நாற்காலியில் உட்கார்ந்தபோது, வழக்கம்போல உதட்டில் நீலம் தடவினார்கள். எதற்கு என்று கேட்டார். "நீங்க செத்துதாண்ணே வர்றீங்க" என்றார் மேக்கப்காரர். அவர் உதட்டைக் காட்டினார். கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவருக்கு வெட்கம்தான் வந்தது, மனைவியிடம் என்ன சொல்வது என்று.

ஸ்ட்ரெச்சரில் படுத்தார். கதாநாயகிக்கு நாலு பக்க வசனம். மனித நேயம் என்ற இடத்தில் ஒவ்வொரு முறையும் தடுக்கியது. டேக் மேல் டேக் போனது. ஒவ்வொரு ‘கட்’டுக்கும் அவளுக்கு மின்விசிறி வந்தது, பழச்சாறு வந்தது. பிணத்துக்கு ரத்தம் மட்டும் புதிதாக வந்தது. எழுந்தால் கறை மாறிப்போகும் என்று எழுந்திருக்க விடவில்லை. விளக்குகள் சுட்டன, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கடைசி டேக்கில் கதாநாயகி தடுக்காமல் மனித நேயத்தைத் தாண்டி, அவர் நெற்றியில் கைவைத்து அழுதபோது, அவருடைய உதடுகள் மூன்று வார்த்தைக்கு அசைந்தன. சத்தம் வெளியே வரவில்லை. தாகத்தில் தானாக வந்ததா, வேண்டுமென்றே சொன்னாரா என்று யாராவது கேட்டிருந்தால் இரண்டும்தான் என்றிருப்பார். இத்தனை வருஷத்தில் கண்ணிமை துடிக்காத மனிதர்! யாரும் கவனிக்கவில்லை. எல்லோர் கண்ணும் கதாநாயகியின் கண்ணீரில் இருந்தது. டைரக்டர் மூக்கைத் துடைத்துக்கொண்டே ஷாட் ஓகே என்றார். எடிட்டரும் அந்தக் கண்ணீரைப் பார்த்துத்தான் வெட்டி ஒட்டினார்.

ஒளிபரப்பாகும்வரை அவர் வீட்டில் உண்மையைச் சொல்லவில்லை. சொல்லலாம் சொல்லலாம் என்று நாளைத் தள்ளினார். அன்று அவள் நாற்காலியை டி.வி.க்கு நேரே இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். ஸ்ட்ரெச்சர் வந்தது. நீல உதடு தெரிந்தது. அவள் திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்து உள்ளே போனாள். அன்றைக்குப் பாத்திரங்கூட உருளவில்லை. அதனால் உதடு அசைந்ததை நாடே பார்த்தது, அவள் மட்டும் பார்க்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவர்களுக்கு அவல் கிடைத்தது. அந்த உதட்டசைவைத் துண்டாக வெட்டி, நிதானப்படுத்தி, பெரிதாக்கி, போன் போனாக அனுப்பினார்கள். அக்கரைச் சிப்பாய் நம் நாட்டைச் சபித்தான் என்றார்கள் இக்கரையில். அக்கரை வானொலியோ, எங்கள் வீரன் சாவிலும் எங்கள் பிரார்த்தனையைச் சொன்னான் என்று பெருமைப்பட்டது. செத்தவன் எப்படிச் சொன்னான் என்று இரண்டு கரையிலும் யாருக்கும் தோன்றவில்லை. சேனல் வாசலில் கண்ணாடி உடைந்தது. கருணைத் தொடருக்கு விளம்பரம் கொடுத்த சோப்புக் கம்பெனி கையைக் கழுவிக்கொண்டது. டைரக்டர் தலையில் கைவைத்துக்கொண்டு, செத்தும் கெடுத்தானே பாவி என்று புலம்பினார்.

குழு பொணம் அண்ணனைக் கூப்பிட்டு என்ன சொன்னாய் என்று கேட்டது. முதலில் எழுதியிருந்த வசனத்தைத்தான் சொன்னேன், தண்ணீர் கேட்டேன் என்றார். அதை யாரும் நம்ப மாட்டார்கள் என்றார் ராணுவ அதிகாரி. நம்பினால் அதைவிட மோசம், எதிரிக்குத் தண்ணீர் கொடுக்காத சிஸ்டர் என்று ஆகிவிடும் என்றார் சமயப் பெரியவர். வக்கீல் பேனாவை எடுத்தார். அவர் எழுதிக் கொடுத்ததை அன்று மாலைச் செய்தியில் நேரலையில் சொல்ல வேண்டும். சொன்னால் வேலை நிலைக்கும், இல்லாவிட்டால் எந்த ஸ்டுடியோவிலும் சாகக்கூட முடியாது என்றார்கள்.

அவர் போன் போட்டு மனைவியிடம், இன்றைக்கு நிஜமாகவே பேசுகிறேன், பார் என்று மட்டும் சொன்னார். முகத்துக்குப் பவுடர் போட்டார்கள். உதட்டில் முதன்முதலாகச் சிவப்பு தடவினார்கள். கேமரா அவர் முகத்துக்கு மட்டுமே நின்றது. அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு இடத்திலும் தடுக்காமல், கணீரென்று சொன்னார்:

"நான் எதுவும் பேசவில்லை. அந்தக் காட்சியில் நான் இறந்துவிட்டேன். இறந்தவர்கள் பேச மாட்டார்கள்."

நல்ல குரல் என்றார் செய்தி வாசிப்பவர். நாடு அமைதியானது. அடுத்த வாரம் இரு கரைக்கும் வேறு சண்டை கிடைத்தது. ‘கரையில்லாக் கருணை’க்கு விருதும் கிடைத்தது.

செய்தியில் பேசிய அன்று அவர் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தபோது நாற்காலி டி.வி.க்கு நேரேயே இருந்தது. கடைசிவரை பார்த்தேன் என்றாள் மனைவி. குரல் நன்றாக இருந்ததா என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. தட்டை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"என்னங்க, நெஜமா என்ன சொன்னீங்க?"

"நீ சொல்லிக் குடுத்த மாதிரிதான். அக்கா, கொஞ்சம் தண்ணி."

இரண்டு கரையிலும் இத்தனை பேர் அவர் என்ன சொன்னார் என்று மண்டையை உடைத்துக்கொண்டார்கள். அவளுக்கு வேறொரு கேள்வி இருந்தது. கேட்கத் தயங்கி, பிறகு கேட்டாள்.

"யாராவது குடுத்தாங்களா?"

அவர் யோசித்துப் பார்த்தார்.

"இல்ல. ஷாட் ஓகேன்னுட்டாங்க."