வெள்ளைத் திட்டும் இரண்டு கொப்பிகளும்

கிளினிக் கொப்பி நோயாளியின் கையில் இருக்கும் சாமான். எண்பது பக்க அப்பியாசக் கொப்பிக்கு பிளாஸ்டிக் உறை போட்டு, வீட்டில் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருப்பார்கள். டொக்டர்மார் நாங்கள் அதில் ஆங்கிலத்தில் கிறுக்கித் திருப்பிக் கொடுப்போம். அதை வீட்டில் யாராவது வாசிப்பார்கள் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. ஓய்வு பெற்று இப்போது மாத்தளை டவுனில் சும்மா இருக்கிறேன். புதிதாக வேலைக்கு வரும் டொக்டர் பிள்ளைகள், "பேஷன்ட் பொய் சொன்னா என்ன செய்றது சேர்?" என்று கேட்கிறார்கள். தெரிந்தால் சொல்ல மாட்டேனா? எனக்கே குழப்பமாக இருப்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கராம்பு வாசம்

ரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் போகும் வழியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. செவ்வாய்க்கிழமை அங்கே பிரஷருக்கும், சீனி வருத்தம் என்கிற நீரிழிவுக்கும் கிளினிக். அன்று காலையில் வராந்தா முழுக்கக் கராம்பு மணக்கும். தோட்டத்துப் பெண்கள் வெற்றிலையும் புகையிலையும் போடுகிறவர்கள். எனக்குத் தெரியக் கூடாது என்று பல்லைக் கரியால் தேய்த்து, வாயில் இரண்டு கராம்பை அடக்கிக்கொண்டு வருவார்கள். அத்தனை பேரும் ஒரே வாசத்தோடு வந்தால் டொக்டருக்குத் தெரியாமலா போகும்? அதை அவர்கள் யோசிப்பதில்லை.

பார்வதி அம்மா அவர்களில் ஒருவர். ஐம்பது வயது தாண்டியவர், தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர், பிரஷருக்கு மருந்து எடுக்கிறவர். ஒரு செவ்வாய்க்கிழமை அவருடைய இடது கன்னத்தின் உட்பக்கத்தில் பருப்பு அளவில் ஒரு வெள்ளைத் திட்டைப் பார்த்தேன். வெற்றிலை போடுகிறவர்களுக்கு இப்படி வரும். சிலருக்கு அது அப்படியே இருந்துவிடும், சிலருக்குப் புற்றுநோயாக மாறும். மாத்தளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டச் சொல்லித் துண்டு எழுதிக் கொடுத்தேன். வெற்றிலையை விடச் சொன்னேன்.

அடுத்த மாதம் கேட்டேன். "வெத்தல போடுறீங்களா?"

"ஐயோ இல்லீங்க ஐயா. அன்னைக்கே விட்டுட்டேன்."

"மாத்தளைக்குப் போனீங்களா?"

"போவணுங்க. லீவு கெடைக்கல."

இதே கேள்வியும் இதே பதிலும் நான்கு மாதம் நடந்தது. திட்டு மட்டும் கொஞ்சம் அகலமானது.

கோஸ் துணி

எங்கள் கிளினிக் அறை எப்படி என்று சொல்ல வேண்டும். ஒரே அறை, ஒரே மேசை. நோயாளி ஸ்டூலில் இருப்பார். அடுத்த பதினைந்து பேர் மூன்றடி தள்ளி நீளமான மர வாங்கில் வரிசையாக இருப்பார்கள். யாருக்கு என்ன வருத்தம், யார் குடிக்கிறார், யார் மாத்திரை போடுவதில்லை என்பதெல்லாம் எல்லோர் காதிலும் விழும். எல்லோரும் தோட்டத்து லயம் என்கிற வரிசை வீடுகளில் அடுத்தடுத்து இருப்பவர்கள்.

ஐந்தாம் மாதம் எனக்குக் கோபம் வந்துவிட்டது. "வாயத் தொறங்க" என்றேன். காயம் கட்டும் கோஸ் துணியால் பல்லின் பின்பக்கத்தை அழுத்தித் துடைத்தேன். துணி சிவந்தது. அதை உயர்த்திப் பிடித்து, வாங்கில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி, "அப்ப இது என்ன, பீட்ரூட்டா?" என்றேன்.

வாங்கில் சிரித்தார்கள். கராம்பு வாயோடு இருந்தவர்களும் சிரித்தார்கள். பார்வதி அம்மா தலையைக் குனிந்துகொண்டு சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்தார். நான் அவருடைய கொப்பியில் 'வெற்றிலைப் பழக்கத்தை மறைக்கிறார், இவர் சொல்வதை நம்ப முடியாது' என்று ஆங்கிலத்தில் எழுதி இரண்டு முறை அடிக்கோடு போட்டேன். அடுத்து வரும் டொக்டருக்கு உண்மை தெரிய வேண்டும் என்பது என் நியாயம். அந்த நியாயம் பிழை என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை.

அடுத்த மாதம் அவர் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் இல்லை. தோட்டத்து மிட்வைஃபிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாம். நோயாளியின் விஷயத்தை மூன்றாம் ஆளிடம் சொல்லக் கூடாது என்று விதி இருக்கிறதே என்று பேசாமல் இருந்தேன். பதினைந்து பேர் பார்க்கத் துணியைத் தூக்கிக் காட்டியபோது அந்த விதி எங்கே போயிருந்தது என்று என்னை நானே கேட்டுக்கொண்டது வெகு நாள் கழித்துத்தான்.

இரண்டு கொப்பிகள்

எட்டு மாதம் போயிருக்கும். கிளினிக் முடிகிற நேரத்தில் ஒரு பெண் வந்து மேசையில் இரண்டு கொப்பிகளை வைத்தாள். பார்வதி அம்மாவின் மகள் தர்ஷினி. டவுனில் ஒரு கடையில் வேலை செய்கிறவள்.

"அம்மாவுக்கு வாய் தொறக்க ஏலாம இருக்கு டொக்டர். ரெண்டு வெரல்தான் போவுது. சோத்தக் கரைச்சுக் குடுக்குறேன்."

பழைய கொப்பி என்னுடையது. புதியது வேறொரு ஆஸ்பத்திரிக் கிளினிக்கினுடையது. அதன் முதல் பக்கத்தில் 'வெற்றிலை, புகையிலை இல்லை' என்று இருந்தது. கன்னத்துத் திட்டைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எப்படி இருக்கும்? பழைய கொப்பியை அங்கே காட்டவில்லை. பிரஷர் பார்க்கிற டொக்டர் எதற்காக வாயைத் திறக்கச் சொல்லப் போகிறார்? எட்டு மாதமும் நன்றாகத்தான் பிரஷர் பார்த்திருக்கிறார்.

"ஏம்மா கொப்பிய மாத்தினாங்க?" என்று கேட்டேன்.

தர்ஷினி பழைய கொப்பியைத் திறந்து, நான் போட்ட அடிக்கோட்டைத் தொட்டுக் காட்டினாள். பிறகு சொன்னாள். "டொக்டர் என்ன எழுதியிருக்காருன்னு அம்மா கேட்டாங்க. நான்தான் வாசிச்சு, தமிழ்ல சொன்னேன். சொல்லாம இருந்திருக்கலாம்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. எழுதியவன் நான். வாசித்த பாவத்துக்கு அவள் தன்னை நொந்துகொள்கிறாள். "உங்க மேல பிழையில்ல" என்று மட்டும் சொன்னேன்.

அது புற்றுநோய்தான். கண்டியில் ஒப்பரேஷன் செய்து கன்னத்திலும் தாடையிலும் ஒரு பகுதியை எடுத்தார்கள். பொய் சொன்னது அவர், அதனால் வந்தது என்று சொல்லிக்கொண்டால் எனக்குத் தூக்கம் வரும். ஆனால் அந்தப் பொய் எனக்காகச் சொன்னதா, வாங்கில் இருந்தவர்களுக்காகச் சொன்னதா? நானே என் பிரஷர் டொக்டரிடம் தினமும் நடக்கிறேன் என்று சொல்லி வருகிறேன். நல்ல காலம், என் கால்களை யாரும் துடைத்துப் பார்ப்பதில்லை.

ஆறு மாதம் கழித்து பார்வதி அம்மா என் கிளினிக்குக்கே திரும்பி வந்தார். இடது பக்கம் முகம் உள்வாங்கி, பேச்சும் குழறியது. அதற்குள் நான் வாங்கை வராந்தாவுக்குத் தள்ளியிருந்தேன். அவ்வளவு சின்ன வேலையை இருபத்தெட்டு வருடமாகச் செய்யவில்லை. கதவைச் சாத்திவிட்டு, "அன்னைக்கு உங்களை எல்லார் முன்னாலயும் அவமானப்படுத்தினது பிழை" என்றேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெற்றிலை போடுகிறீர்களா என்று கேட்கவில்லை. பதில் எதுவானாலும் வாயைப் பார்க்கத்தானே போகிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. பார்த்தேன். காயம் ஆறியிருந்தது. கொப்பியை எடுத்தேன்.

"என்னங்க ஐயா எழுதுறீங்க?"

தமிழில் எழுதி, வாசித்துக் காட்டினேன். "வாய் பார்த்தேன். புண் இல்லை. ஒரு மாதத்தில் மறுபடி பார்க்க வேண்டும்."

அவர் கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு முறை திரும்பிப் பார்த்தார்.

"ஞாயித்துக்கெழம ஒன்னு போட்டேங்க. பொகயில இல்லாம. மழ, குளிரு... மலையில நிக்க ஏலல." பிறகு, "அத எழுதிறாதீங்க ஐயா. மகளு வாசிப்பா" என்றார்.

எழுதாவிட்டால் அடுத்த டொக்டருக்கு உண்மை தெரியாது. எழுதினால் இந்தக் கொப்பியும் காணாமல் போகும். எந்தப் புத்தகத்தில் தேடினாலும் இதற்கு எனக்கு விடை கிடைக்கவில்லை. பேனையை மறுபடி எடுத்தேன், வெற்றிலையை எழுதவில்லை. பிறகு 'ஒரு மாதத்தில்' என்று இருந்ததை வெட்டி, 'இரண்டு கிழமையில்' என்று பதினான்கு நாளாகக் குறைத்து எழுதி, அதையும் அவருக்கு வாசித்துக் காட்டினேன்.

இரண்டு கிழமையில் வந்தார்.