இரவல் பிள்ளைகள்

அறுபதுகளின் கடைசியில் நல்லூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் டீச்சர் வேலை பார்த்தேன். குடியிருந்தது விருத்தாசலத்தில். டவுனுக்கும் சுற்றியிருந்த கிராமத்துப் பள்ளிகளுக்கும் ஒரே கல்வி அலுவலகம்தான். எங்கள் பள்ளியில் தலைமையாசிரியர் ஒருவர், நான் ஒருத்தி. பிள்ளைகள் வருகை குறைந்தால் இரண்டாவது ஆளை எடுத்து எங்கள் ஜில்லாவிலேயே தூரத்தில் இருக்கும் மங்களூர் பக்கம் எங்காவது போட்டுவிடுவார்கள். என் கணவருக்கோ விருத்தாசலம் செராமிக் தொழிற்சாலையில் சூளை வேலை, கைக்குழந்தை வேறு. இந்த இடம் நிலைக்க வேண்டுமே என்பதுதான் அன்றைக்கு என் ஒரே கவலை.

இன்ஸ்பெக்டர் சொல்லிவைத்த மாதிரி வேர்க்கடலை பிடுங்கும் சமயத்தில்தான் வருவார். எங்கள் பக்கம் அதற்கு மல்லாட்டை என்று பேர். பாதிப் பிள்ளைகள் அம்மாக்களோடு கடலைக் கொல்லையில் பிடுங்கிக்கொண்டிருப்பார்கள்.

அதற்கும் ஒரு வழி வைத்திருந்தோம். பக்கத்து ஊர்ப் பள்ளியில் இன்ஸ்பெக்ஷன் என்றால் எங்கள் பிள்ளைகள் அங்கே போவார்கள். எங்களுக்கு என்றால் அவர்கள் இங்கே வருவார்கள். பக்கத்து வீட்டில் சர்க்கரை கைமாற்று வாங்குவது மாதிரிதான். வந்த பிள்ளைகளுக்கு வராத பிள்ளைகளின் பேரைக் கொடுத்து, கூப்பிட்டால் "உள்ளேன் ஐயா" சொல்லப் பழக்குவது என் பொறுப்பு. கூலி ஆளுக்கு ஒரு பொட்டலம் பொரி.

அந்த வருஷம் வந்தவர்களில் ஒருத்திக்குப் பத்து வயதிருக்கும். நாலாம் வகுப்பில் உட்கார வைத்தேன். இன்ஸ்பெக்டர் போயும் போயும் அவளைத்தான் எழுப்பிப் படிக்கச் சொன்னார். அவள் ஒரு பக்கம் முழுவதையும் தங்குதடையில்லாமல் படித்தாள். என் பிள்ளைகள் ஒருத்தரும் அப்படிப் படித்ததில்லை.

"நல்லா சொல்லிக் குடுத்திருக்கீங்க டீச்சர். இந்தப் பொண்ண நடுவுல நிறுத்த விட்டுடாதீங்க" என்றார். நானும் கூசாமல் "சரிங்க சார்" என்றேன்.

அவர் போனதும் அவளிடம் பொரியைக் கொடுத்து, "உங்க ஸ்கூல்ல எத்தினியாவது?" என்று கேட்டேன்.

"நான் ஸ்கூலுக்குப் போறதில்லீங்க டீச்சர். தம்பிய வுட வந்தேன். ஆளு கொறையுதுன்னு என்னையும் அனுப்பிட்டாங்க."

"பின்ன எப்படிப் படிச்ச?"

"தம்பி புஸ்தகம் வூட்டுல இருக்குதுல்ல."

நாளைக்கே வா, சேர்த்துக்கொள்கிறேன் என்றேன். மல்லாட்டை பிடுங்கப் போகணும், அம்மா விடாது என்றாள். அம்மாவிடம் நானே வந்து பேசுகிறேன் என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

போகவில்லை. ரெண்டு மைல்தான். மழை, குழந்தைக்குக் காய்ச்சல், பஸ்ஸை விட்டால் வேறு பஸ் இல்லை என்று நாள் ஓடியது. என் இடம் நிலைத்துவிட்டது, அதுதான் காரணம். இப்போது எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

அடுத்த வருஷம் இன்ஸ்பெக்ஷனுக்கு முந்தின நாள், "நல்லா படிக்குமே, அந்தப் பொண்ணையும் அனுப்பச் சொல்லுங்க சார்" என்று தலைமையாசிரியரிடம் சொன்னது நான்தான்.

வந்தாள். ஐந்தாம் வகுப்பில் உட்கார வைத்தேன். முகத்தில் கோபமே இல்லை.

"நீங்க வருவீங்கன்னு அம்மாகிட்ட சொல்லி வெச்சிருக்கேன் டீச்சர்" என்றாள்.