பாம்புக்காக அடைத்த குழாய்கள்

கங்கைகொண்டானில் ஒரு மீன் குளிர்கிடங்கில் நான் மேற்பார்வையாளர். தரைக்கடியில் மண் உறையாமலிருக்க, வெளிக்காற்று போய்வரக் குழாய்கள் உண்டு. பாம்பு நுழைகிறதென்று அவற்றைச் சிமெண்டால் அடைத்தேன்.

சில மாதம் கழித்து, பெட்டி அடுக்கும் வண்டியை ஓட்டும் முருகன், "தரை மேல எந்திரிக்குது அண்ணாச்சி" என்றான். "ஓட்டத் தெரியாம தரையைக் குத்தஞ் சொல்லுதியோலே?" என்று செவிட்டில் அறைந்தேன்.

மறுநாளே தரை வெடித்து, இரும்பு அடுக்கு அவன்மேல் சரிந்தது. கால் எலும்பு முறிந்து வெளியே வந்துவிட்டது. வெடிப்புக்குள் மண் பாறையாய் உறைந்திருந்தது. அதைப் பார்த்த பிறகும் முதலாளியிடம், "இவன்தான் வண்டியால இடிச்சான்" என்றேன்.

ஆஸ்பத்திரியில் முருகன் கேட்டான்: "குழாயைத் தொறந்தாச்சா அண்ணாச்சி? உள்ள நம்ம ஆளுவ நிக்காவல்லா?"

அதுவரை திறக்கவில்லை. திறந்தால் அடைத்தவன் யாரென்று தெரிந்துவிடும். அன்றே முதலாளி பார்க்க, நான் அடைத்த சிமெண்டை நானே கடப்பாரையால் உடைத்தேன்.

முருகன் இப்போது நொண்டி நடக்கிறான். அந்தக் காலடிச் சத்தம் கேட்டாலே என் வலது கை தானாக முதுகுக்குப் பின்னால் போய்விடும்.