மீனுக்குள் கழிந்த வாரங்கள்

டெலாவின் வீட்டில் பள்ளிக்கூடம் என்றால் சமையலறை மேசைதான், டீச்சர் அவளேதான். அமெரிக்காவில் மிசௌரி மலைப்பக்கம், சர்ச்சைத் தாண்டிப் போகும் மண்சாலையில் கடைசி வீடு. ஆகஸ்டில் அந்த வருஷத்துப் பாடப் புத்தகப் பெட்டி தபாலில் வந்து இறங்கியதும் யார் பிரிப்பது என்று பிள்ளைகள் மூன்றும் அடித்துக்கொள்ளும். மூத்தவள் ஹேட்டிக்குப் பன்னிரண்டு வயது. அடுத்தவன் ஏசா. கடைக்குட்டி ஜூனியாவுக்கு ஆறு முடியவில்லை. காலையில் ஒரு பாட்டு, ஒரு ஜெபம், அந்த வாரத்து வசனம், அப்புறம் கணக்கு. நவம்பரில் ஏசா அப்பாவோடு மான் வேட்டைக்குப் போனால் அன்றைக்கு லீவு. லீவு கேட்டு யாரிடமும் போய் நிற்க வேண்டாம்.

வியாழக்கிழமைகளில் சர்ச்சின் கீழ்த்தளத்தில் இப்படி வீட்டில் படிக்கிற பிள்ளைகள் எல்லாம் கூடுவார்கள். அங்கே டெலாவின் பிள்ளைகளுக்கு நல்ல பெயர். அம்மா ஒன்று சொன்னால் முதல் தடவையிலேயே, முகம் சுளிக்காமல், ஏன் என்று கேட்காமல் செய்ய வேண்டும். அது அந்த வீட்டுச் சட்டம். டெலாவுக்கு அதில் பெருமைதான். பெருமைப்பட்டால் என்ன தப்பு? பாடுபட்டு வளர்த்தவள்.

ஜனவரியில், ஏழாம் மாதத்திலேயே, அவளுக்குப் பிள்ளை பிறந்தது. பையன். மூச்சு இல்லை. நிலம் உறைந்து கிடந்ததால் அவள் கணவன் வெண்டலும் சர்ச் ஆட்களும் கடப்பாரை போட்டுக் குழி எடுத்தார்கள். சர்ச் பெண்கள் முறை வைத்துச் சாப்பாடு கொண்டுவந்தார்கள். யார் கொண்டுவந்தாலும் கோழியும் சீஸும் போட்டு ஓவனில் வைத்ததுதான். டெலா எல்லோருக்கும் நன்றி சொன்னாள், பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுத்தாள். அழவில்லை. அழுதுவிடு, அழுதுவிடு என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். வராததை எங்கிருந்து கொண்டுவருவாள்? கால் மரத்துப்போனால் கிள்ளினாலும் தெரிவதில்லை அல்லவா, அவளுக்கு உடம்பு முழுக்க அப்படி.

அடக்கம் முடிந்த மறு வாரமே, திங்கட்கிழமை காலையில் வந்து மேசையில் உட்கார்ந்தாள். பாடப் புத்தகத்தில் அடையாள நாடா கிடந்த பக்கத்தைத் திறந்தாள். கர்த்தருக்கு ஒளித்து ஓடிய யோனாவை மீன் விழுங்குகிற கதை. ஏழாம் வாய்ப்பாடு. ஜாம் பாட்டிலில் ஈரப் பஞ்சு வைத்து பீன்ஸ் விதை முளைக்கப் போடுவது. எல்லாம் நடந்தது. பிள்ளைகள் சொன்னதைச் செய்தார்கள். வாரம் போனது, பனி உருகிச் சேறானது, மறுபடியும் பனி விழுந்தது. டெலா தினமும் எழுந்தாள், காபி போட்டாள், பாடம் எடுத்தாள். பரவாயில்லை, நடக்கிறது என்றுதான் நினைத்தாள்.

மார்ச்சில் ஒரு சனிக்கிழமை வெண்டலின் அக்கா லொரீன் வந்தாள். ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பஸ் ஓட்டுகிறவள், வாய் கொஞ்சம் நீளம். கொண்டுவந்த கேக்கை வைக்க இடம் தேடியவள் ஜன்னல் பக்கம் பார்த்து நின்றுவிட்டாள். ஜன்னல் கட்டை நெடுக ஜாம் பாட்டில்கள். ஒரு ஓரத்தில் கொடி திரைச்சீலையைப் பிடித்து ஏறியிருந்தது, அடுத்தது முழங்கை உயரம், அதற்கடுத்தது சாண், மறு ஓரத்தில் விதை இப்போதுதான் வாய் பிளந்திருந்தது.

"என்ன டெலா, வீட்டுக்குள்ளயே பீன்ஸ் விவசாயமா?"

"அறிவியல் பாடம்," என்றாள் டெலா.

"இத்தனையா?"

"திங்கக்கிழமைக்குத் திங்கக்கிழமை போடுவோம் அத்தை," என்றாள் ஜூனியா. "யோனா இன்னும் மீன் வயித்துக்குள்ளதான் இருக்காரு. ரொம்ப வாரமா இருக்காரு."

"அவரு எப்ப வெளிய வருவாரு?"

"அது அடுத்த வாரத்துப் பாடம்."

லொரீன் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றது. ஏசாவைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். ஹேட்டி எழுந்து போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள், கழுவிய பாத்திரத்தையே.

டெலா புத்தகத்தை எடுத்துப் பார்த்தாள். நாடா அதே பக்கத்தில் கிடந்தது. அடக்கத்துக்கு அப்புறம் அவள் அதை நகர்த்தவே இல்லை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் புதுப் பாடம் என்று சொல்லி அதே பாடத்தைத்தான் எடுத்திருக்கிறாள். வெட்கம் வரவேண்டிய இடம். வரவில்லை. ஓ, அப்படியா என்றுதான் இருந்தது.

லொரீன் வாசலுக்கு வந்து தம்பியைப் பிடித்துக்கொண்டாள். "ஏன்டா, நீயும் இந்த வீட்டுலதான சாப்பிடற? கண்ணு தெரியலயா? திங்கக்கிழமை பிள்ளைங்கள என் பஸ்ஸுல ஏத்து. ஸ்கூல் ஆபீஸுல நான் சொல்லி வைக்கறேன்."

வெண்டல் உள்ளே வந்து மனைவி எதிரில் உட்கார்ந்தான். கல்யாணத்துக்கு முன்பே இரண்டு பேரும் பேசி முடிவு செய்த விஷயம் அது: நம் பிள்ளைகளை நாமே படிக்க வைப்போம் என்று.

"நீ வேணாம்னு சொல்லு டெலா, அனுப்பல. ஒரு வார்த்தை சொல்லு."

டெலா அந்த வார்த்தையைத் தேடினாள். வேண்டாம் என்றும் இல்லை, வேண்டும் என்றும் இல்லை. "சாப்பாடு ஆறுது," என்றாள்.

திங்கட்கிழமை. பிள்ளைகள் கோட்டைப் போட்டுக்கொண்டு வரிசையாக நின்றார்கள். ஜூனியாவுக்கு உதடு துடித்தது, ஆனாலும் சிரித்த முகமாக வைத்திருந்தாள். மண்சாலை முனையில் பஸ் வந்து ஹாரன் அடித்தது. ஹேட்டி மட்டும் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டாள்.

"நான் போகமாட்டேன்."

"ஹேட்டி!" என்றான் வெண்டல். அந்த வீட்டில் இதுவரை கேட்காத பேச்சு.

"முதல் தடவையே எங்களுக்குத் தெரியும்ப்பா, பாடம் திரும்ப வருதுன்னு. நான்தான் ரெண்டு பேரையும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு மிரட்டி வச்சேன்."

"ஏன்?"

"தப்புன்னு சொன்னா அம்மா புத்தகத்தை மூடிட்டுப் போய் படுத்துருவாங்க. அப்புறம் எழுந்திருக்கவே மாட்டாங்க. நாங்க இல்லன்னா யாரு பாத்துப்பா?"

டெலா மகளைப் பார்த்தாள். அம்மா சொன்னதால் அல்ல, அம்மா விழுந்துவிடுவாள் என்று அத்தனை வாரம் இந்தப் பெண் மேசையைத் தாங்கிப் பிடித்திருக்கிறாள். ஏழாம் வாய்ப்பாட்டை அத்தனை தரம் புதிதாகப் படிப்பதுபோல் படித்திருக்கிறாள். தம்பி தங்கையையும் நடிக்க வைத்திருக்கிறாள்.

வெளியே மறுபடியும் ஹாரன்.

"கோட்டைப் போடு," என்றாள் டெலா.

"ம்மா..."

"என்னைப் பாத்துக்கறது உன் வேலை இல்ல கண்ணு. இத்தனை நாள் செஞ்சது போதும். போய் ஏறு."

ஹேட்டி கோட்டைப் போட்டாள். முகத்தை வேண்டிய மட்டும் சுளித்தாள், கதவை அறைந்து சாத்தினாள். டெலா அதற்காக அவளைத் திரும்பக் கூப்பிடவில்லை.

அன்றைக்கே சர்ச்சிலிருந்து ஒருத்தி போன் செய்தாள். "ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி உலகத்துக்கிட்ட விட்டுக்குடுத்துட்டியாமே பிள்ளைங்கள? ஜெபம் பண்ணித்தான் முடிவெடுத்தியா?"

"இல்ல," என்று சொல்லிப் போனை வைத்தாள் டெலா. ஊர் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். பிள்ளையின் தோளிலிருந்து பாரத்தை இறக்குகிறவள் ஊரைக் கேட்டுக்கொண்டு இறக்குவாளா?

மேசையில் கன்னத்தை வைத்தாள். அப்படியே தூங்கிப்போனாள். பஸ் திரும்பி வந்த சத்தத்தில்தான் எழுந்தாள். கன்னத்தில் மேசைத் துணியின் தையல் பதிந்திருந்தது.

"அங்க பாத்ரூம் போகணும்னாகூட கையத் தூக்கணும்மா!" என்று கத்திக்கொண்டே வந்தான் ஏசா. ஹேட்டி அம்மாவின் முகம் எப்படி இருக்கிறது என்று பார்க்காமல், நேராக ரொட்டி டப்பாவைத் தேடிப் போனாள். பசியோடு வந்த பிள்ளை போவதுபோல.

ராச் சாப்பாட்டில் வெண்டல் மெதுவாகக் கேட்டான். "ஆகஸ்டுக்குப் புத்தகப் பெட்டி வரவழைக்கவா?"

"தெரியல. என்னைக் கேக்காத, அதுங்களைக் கேளு."

அந்த வீட்டில் அதுவரை யாரும் அதுகளைக் கேட்டதில்லை. மூன்றும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தன. வேண்டும் என்றது ஒன்று, வேண்டவே வேண்டாம் என்றது ஒன்று, பஸ்ஸும் வேண்டும் பெட்டியும் வேண்டும் என்றது கடைக்குட்டி. டெலா அன்றும் அழவில்லை, சிரிக்கவும் இல்லை. சோள ரொட்டியைப் பிய்த்து மூன்று தட்டிலும் வைத்துவிட்டு, சண்டையைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தாள்.