முகப்பில் ஏறிய ரொட்டிக்காரர்

ஸ்டூடியோக்காரரின் மகளுக்குத் தம்பி வைத்த பட்டப்பெயர் மில்லிமீட்டர். வெளிச்சத்தை அளக்காமல் அவள் கேமராவைத் தொடமாட்டாள். தம்பியோ கண்ணில் பட்டதைச் சட்டென்று பிடித்துவிடுவான். கடை முகப்பின் கண்ணாடிக்குள் மாட்டியிருப்பதெல்லாம் அவன் எடுத்தவைதான். அவள் படம் ஒன்றுகூட அங்கே ஏறியதில்லை.

"உன் படத்துல குறை சொல்ல ஒண்ணுமில்லம்மா. உயிர்தான் இல்லை," என்பார் அப்பா. அந்தச் சொல் அவளுக்கு முள்ளாகத் தைத்தது. ஒரு படமாவது முகப்பில் ஏற்றாமல் விடுவதில்லை என்று வீம்பு பிடித்தாள்.

தெருமுனை ரொட்டிக்கடைக்காரர் தம் பெயர்ப்பலகைக்கு ஒரு படம் கேட்டார். முதலில் தம்பி போனான். மாவு புகையாய்ப் பறக்கும் அழகில் சொக்கிப்போய் எடுத்துத் தள்ளினான்.

"தம்பி, மேகம் நல்லாருக்கு. இதுல நான் எங்க?" என்றார் ரொட்டிக்காரர்.

அடுத்து அக்கா எடுத்தாள். மாவு துகள் துகளாகத் தெரிந்தது. மனிதர்தான் மரக்கட்டையாய் நின்றார். அவர் மனைவி எட்டிப் பார்த்து, "என்னங்க, உங்களைப் போலீஸ் பிடிச்சு வச்சிருக்கா?" என்று சிரித்தாள்.

"வாக்கா, போலாம்," என்றான் தம்பி. வருவாளா அவள்? ஜன்னல் வெளிச்சம் விழும் இடமாகப் பார்த்து அவரை நிறுத்தினாள். கேமராவை முக்காலியில் பூட்டி, ஃபோகஸையும் ஷட்டர் வேகத்தையும் அந்த இடத்துக்கென்று வைத்து முடித்தாள். இனிக் கேமராவைப் பார்க்க வேண்டியதில்லை. ரிமோட்டைக் கைக்குள் பொத்திக்கொண்டு அவர் முகத்தை மட்டும் பார்த்தாள்.

"அண்ணே, உங்க ரொட்டியெல்லாம் ஒரு பக்கமா சாஞ்சிருக்கே, அடுப்பு கோணலா, நீங்க கோணலா?"

"என்னது! என் ரொட்டியா?" அவர் மாவை மேசையில் ஓங்கி அறைந்தார்.

"கல்யாணமான நாள்லேர்ந்து நானும் இதைத்தானே சொல்றேன்," என்றாள் மனைவி. அவருடைய கோபம் பாதியிலேயே சிரிப்பாக உடைந்தது. அந்த நொடியில் அக்காவின் விரல் ரிமோட்டில் அழுந்தியது.

தெறித்த மாவுக்கு நடுவே, கோபம் தீராத கண்ணோடு வாய் நிறையச் சிரிக்கும் மனிதர்! தம்பி கேமராத் திரையை எட்டிப் பார்த்தான்.

"சிரிக்கப் போறாருன்னு எப்படிக்கா தெரிஞ்சுது?"

"எனக்கென்னடா தெரியும்? பாத்துக்கிட்டே இருந்தேன். நீ அந்த நேரத்துல கேமராவோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்திருப்ப."

அப்பா படத்தைப் பார்த்தார். முகப்பிலிருந்த மகனின் சூரியாஸ்தமனப் படத்தைக் கழற்றிவிட்டு அங்கே ரொட்டிக்காரரை மாட்டினார். வழியில் போன தையல்காரர், "பையன் எடுத்ததா?" என்றார்.

"என் பொண்ணு எடுத்தது!" என்ற அப்பாவின் குரல் தெருக்கோடி வரை கேட்டது.

உள்ளே பாஸ்போர்ட் படத்துக்கு ஒருவர் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். "அப்படியே இருங்க சார், இதோ வந்துட்டேன்," என்று சொல்லிவிட்டு, மகள் தெருவில் இறங்கி நின்று தன் படத்தை ஆசைதீரப் பார்த்தாள்.