பன்னிரண்டு படி அரிசி: கொல்லிமலையில் ஓர் ஆசிரியர் உருவான கதை

மலையுச்சியில் கோயில் கொண்டும் மண்தரையில் அமர்வோர்க்கு எளியவனே, ஆலநிழலில் வாய் திறவாமலே ஐயம் தீர்த்த முதலாசிரியனே, இக்கட்டுரையில் பிழைபட்ட இடம் எனதாகவும் பயன்பட்ட இடம் உனதாகவும் அமைய அருள்வாய்.

கொல்லிமலை அறப்பளீசுவரரைத் தரிசிக்க வேண்டுமென்ற ஆசை எனக்கு நெடுநாளாக உண்டு. பழந்தமிழ்ச் செய்யுட்களில் அம்மலையைப் படிக்குந்தோறும் அங்கே ஒருமுறை நடந்துவிட வேண்டும் என்று மனம் எழும், உடல் அமர்ந்துவிடும். யுத்தம் தொடங்கிய பிறகு இனித் தள்ளிப்போடுவது அறிவன்று எனத் தெளிந்து, சென்ற தை மாதப் பிற்பாதியில் புறப்பட்டேன். மற்றொரு காரணமும் இருந்தது. எங்கள் ஊர்த் தருமசபையார் அம்மலைமேல் உள்ள வளப்பூர் நாட்டில் ஒரு பள்ளி நடத்துகிறார்கள். புதிய ஆசிரியர்களை அங்கே ஓராண்டு தங்கவைத்துப் பழக்கும் முறை எப்படி நடக்கிறதென்று பார்த்து வருமாறு என்னைக் கேட்டுக்கொண்டார்கள்.

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் ஏழு மைல். பெட்ரோல் தட்டுப்பாட்டினால் பஸ்கள் இப்போது கரிவாயுவில் ஓடுகின்றன. ஓடுகின்றன என்பது மரியாதைக்காகச் சொன்னது. கட்டணம் மூன்றணா. வழியில் இரண்டு மேடுகளில் பிரயாணிகள் இறங்கித் தள்ள வேண்டியிருந்தது. என் வயதைப் பார்த்து டிரைவர், “அய்யா உக்காருங்க, நீங்க தள்ளி வண்டி போகப்போறதில்லீங்க” என்றார். அவர் சொன்னது உண்மையாதலால் நான் மனம் வருந்தவில்லை. சேந்தமங்கலத்திலிருந்து அடிவாரம் வரை ஆறு மைல் மாட்டுவண்டி, அதற்கு எட்டணா. அங்கிருந்து மேலே செல்லக் கால்களையே நம்ப வேண்டும்.

சுமை தூக்கவும் வழி காட்டவும் பழனி என்ற மலைவாசி உடன் வந்தார். நடுத்தர வயதினர், மிளகு வியாபாரிகளின் மூட்டைகளைச் சுமந்து பழகியவர். நான் மூச்சு வாங்கி நிற்கும்போதெல்லாம், “மெதுவா வாங்க சாமி. மலை எங்கீங்க போயிரப்போகுது?” என்பார். மறுமுறை நின்றபோது, “நான் வேணா மலையைக் கொஞ்சம் கீழ இறக்கித் தரச் சொல்லட்டுங்களா?” என்றார். முதல் நாள் மலையேறிச் சோளக்காட்டில் தங்கி, மறுநாள் மாலை வளப்பூர் நாடு சேர்ந்தோம். பலாமரங்களில் ஏறிய மிளகுக்கொடிகள் காய்த்து முதிர்ந்திருந்தன. இறைவனைக் கண்டேன், அருவியில் நீராடினேன். அந்தப் பேற்றை எழுத என் நடைக்கு வலிவு போதாது. பள்ளியைப் பற்றி எழுதலாம்.

பள்ளி ஒரு நீண்ட கூரைக் கொட்டகை. தலைமையாசிரியை வள்ளியம்மை சேந்தமங்கலத்துக்காரர். முப்பது வயதிருக்கலாம். சேலத்தில் பயிற்சி பெற்று, எட்டு ஆண்டுகளாகத் தம் தாயாருடன் மலையிலேயே வாழ்கிறார். அவரிடம் அவ்வாண்டு பயின்றவர் முள்ளுக்குறிச்சி முத்துசாமி. இவர் ஆசிரியையைவிட நான்கு வயது மூத்தவர் என்பதை ஊரார் இன்னும் கேலி செய்துகொண்டிருந்தார்கள்.

முறை இதுதான். முதல் மூன்று மாதம் புதியவர் சாக்குக்கட்டியைத் தொடக் கூடாது. பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து பாடம் கேட்க வேண்டும். அடுத்த பருவத்தில் நாளுக்கு ஒரு பாடம், பிறகு அரைநாள், கடைசியில் முழுநாள். அவர் நடத்தும்போது வள்ளியம்மை பின்வரிசையில் அமர்ந்து மிளகுக் கொத்துகளை உதிர்த்துக்கொண்டிருப்பார். என்ன பிழை நடந்தாலும் குறுக்கிடமாட்டார். பிள்ளைகள் வீடு சென்ற பின்பு ஒரே ஒரு கேள்வி கேட்பார். விடையைத் தாம் சொல்லவே மாட்டார்.

“மிளகு எதற்கு அம்மா?” என்று கேட்டேன்.

“கை சும்மா இருந்தா வாய் தொறந்துக்குமுங்க, அய்யா” என்றார்.

வேதம் ஓதுவோர்க்கு ஏட்டிலே எழுத்து இருக்கிறது. ஏற்ற இறக்கமோ ஓதுபவர் அருகில் ஆண்டுக்கணக்கில் அமர்ந்தவர்க்கே வாய்க்கிறது. ஆசிரியத் தொழிலையும் அவ்வாறு கருதி ஒருவர் நடத்துவதைக் கண்டு நான் உள்ளம் குளிர்ந்தேன். பட்டணத்துப் பயிற்சிப் பள்ளிகளில் இதைக் கண்டதில்லை.

நான் சென்ற மறுநாள் முத்துசாமிக்குப் பெரிய நாளாக அமைந்திருந்தது. இரண்டு மேடு தாண்டியுள்ள ஒரு சிற்றூரார் தாங்களே மூங்கில் வெட்டிப் பள்ளிக் கொட்டகை போட்டிருந்தார்கள். முன்பு சபையார் இங்கே பழக்காமல் நேரே அனுப்பிய ஆசிரியர் ஒரு மாதத்தில் இறங்கி ஓடிவிட்டார். அவ்வூர்க் கவுண்டர் இம்முறை ஆளைப் பார்த்தே அழைத்துப்போவதாக வந்திருந்தார். அவருக்கும் பிடித்து, வள்ளியம்மையும் விடை கொடுத்தால்தான் முத்துசாமி அங்கே செல்லலாம். இல்லையேல் அவ்வூர்ப் பிள்ளைகளுக்கு அவ்வாண்டும் பள்ளி கிடையாது.

கவுண்டர் வாசலில் குந்தியவாறே, “இந்த வாத்தியாரும் ஓடிட்டா, கொட்டாயில ஆட்டைக் கட்டறதுன்னு ஊர்ல பேசி முடிச்சாச்சுங்க” என்றார். “ஆடாச்சும் ஓடாது பாருங்க.”

முத்துசாமி சிரித்தார்; ஆனால் மேல்துண்டால் முகத்தை இருமுறை துடைத்துக்கொண்டார். கவுண்டரும் நானும் முன்வரிசையில் அமர, கணக்குப் பாடம் தொடங்கியது.

“பொங்க நோம்பிக்குச் சேந்தமங்கலம் கடையில பன்னெண்டு படி அரிசி வாங்கியாந்தோம். ஊட்டுக்கு ரெண்டு படி குடுத்தா எத்தனை ஊட்டுக்கு வரும்? பொன்னி, நீ சொல்லு கண்ணு.”

எட்டு வயதுச் சிறுமி பொன்னி எழுந்தாள். விரல்களை மடக்கி நீட்டினாள். “அஞ்சு ஊட்டுக்குங்க.”

“தப்பு. அடுத்தது?”

அடுத்தவன் எழுந்து நின்றான், பேசவில்லை. அதற்கடுத்தவளும் பேசவில்லை. மூன்றாமவனும் அவ்வாறே நின்றான். நேற்றுவரை பதினாறாம் வாய்பாடு ஒப்பித்த பிள்ளைகள் என்று வள்ளியம்மை முன்பே என்னிடம் சொல்லியிருந்தார். முத்துசாமியின் காதுகள் சிவந்தன. கவுண்டர் என்னிடம் சாய்ந்து, “எங்கூர்ப் பிள்ளைங்க பள்ளிக்கூடம் போகாமயே இப்படித்தானுங்க நிக்கும்” என்றார். அவர் மெல்லச் சொன்னதாக நினைத்தார். கொட்டகை முழுவதும் கேட்டது.

நான் வள்ளியம்மையைத் திரும்பிப் பார்த்தேன். மிளகு உதிர்ந்துகொண்டிருந்தது. தலை நிமிரவில்லை.

முத்துசாமி நான்காம் பிள்ளையின் பக்கம் கையை நீட்டியவர், நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். பொன்னியின் முன் தரையில் வந்து அமர்ந்தார்.

“அஞ்சுன்னு சொன்னியே கண்ணு, எப்படி வந்துச்சு? எனக்குக் காட்டறயா?”

மதியக் கஞ்சிக்காக வைத்திருந்த சாமையிலிருந்து கடைக்காரர் அளப்பதுபோல் பன்னிரண்டு படியைத் தாமே தலைதட்டி, அதாவது விளிம்புக்கு மேல் நின்றதை வழித்துவிட்டு, அளந்து பாயில் கொட்டினார். படியைப் பொன்னியிடம் கொடுத்தார். அவள் படியைச் சாமையில் அமிழ்த்தி, மேலே இரு கையாலும் குவித்து, கோபுரம்போல் நிற்கும் வரை சேர்த்து, பின்பு கூடையில் இட்டாள். ஒரு வீட்டுக்கு அவ்வாறு இரண்டு படி. ஐந்தாம் வீட்டுக்கு அளந்து முடித்தபோது பாயில் ஒரு கைப்பிடிச் சாமையே எஞ்சியது.

“அஞ்சு ஊடுதானுங்க” என்றாள், சற்று அழுகையாக.

“ஏங்கண்ணு, தலைதட்டக் கூடாதா?”

அவள் கவுண்டரைப் பார்த்தாள். கவுண்டர் எழுந்தே விட்டார். “அதெப்படிங்க தட்டறது? நோம்பிக்கு ஊட்டுக்குக் குடுக்கறதைத் தலைதட்டுனா, குடுக்கறவனைக் காறித் துப்புவாங்க! தட்டி அளக்கறவன் கடைக்காரனுங்க. புள்ள சரியாத்தான சொல்லுது?”

“சரியாத்தான் சொல்லிருக்கா. தப்புன்னு சொன்னது நான்தானுங்க” என்றார் முத்துசாமி. பிறகு பிள்ளைகளைப் பார்த்து, “கொடுக்கறவங்களும் கடைக்காரனாட்டம் தட்டியே அளந்தா?” என்றார்.

“ஆறு!” என்று வாய் பேசாதிருந்த மூவரும் மற்றவரும் ஒருங்கே கத்தினார்கள். பொன்னியின் குரல்தான் எல்லாவற்றிற்கும் மேலே கேட்டது. அதன்பிறகு அன்றைய பாடத்தை நடத்தியவர்கள் பிள்ளைகளே. கொண்டுவந்த படியைவிடக் கொடுத்த படி ஏன் பெரிதாயிற்று, ஒரு குவியலில் எவ்வளவு கூடுதல் என்றெல்லாம் சாமையைக் கொட்டி அள்ளி வாதாடினார்கள். ஒருவன், “உங்கூட்டுக்கு வாத்தியாரு அளந்தா தட்டிருவாருடா, நீயே அளந்து வாங்கிக்க” என்று தோழனை எச்சரித்தான். முத்துசாமியும் உடன் சிரித்தார்.

பிள்ளைகள் கலைந்ததும் வள்ளியம்மை மிளகுத் தட்டை நகர்த்திவைத்தார். வழக்கமான ஒரே கேள்வி, எங்கள் முன்னிலையிலேயே வந்தது.

“நாலாவது புள்ளையை ஏனுங்க கேக்காம விட்டீங்க?”

முத்துசாமி மேல்துண்டைத் தோளில் இட்டுக்கொண்டு சொன்னார்: “மறந்துட்டாங்கன்னுதானுங்க மொதல்ல நெனச்சேன். அய்யாவும் கவுண்டரும் பாக்கறாங்களேன்னு வேகமா வேற கேட்டுட்டேன். மறந்த புள்ள கூரையைப் பாக்குமுங்க. இதுக மூணும் பொன்னியைப் பாத்துச்சுங்க. அவ சொன்னதுதான் அதுகளுக்கும் விடைன்னு அப்பத்தான் தெரிஞ்சது. கீழ உக்காந்திருந்த மூணு மாசத்துல நானும் அப்படித்தான் பக்கத்துல இருக்கறவங்களைப் பாத்துக்கிட்டிருந்தேன்.”

 வள்ளியம்மைக்குக் கண் கலங்கியதென்று எனக்குத் தோன்றியது. மிளகுக் காரமாகவும் இருக்கலாம்.

“நானா இருந்தா அஞ்சாவது புள்ள வரைக்கும் கேட்டிருப்பேன். போய்ட்டு வாங்க” என்றார்.

கவுண்டர் காத்திருக்கவில்லை. “பொட்டியை இப்பவே எடுத்துக்கலாமுங்களா? ராத்திரி தங்கினா மனசு மாறிரப்போகுது!” என்று தாமே டிரங்குப் பெட்டியைத் தோளில் ஏற்றிவிட்டார். முத்துசாமி ஆசிரியையை வணங்கினார், அவரும் கைகூப்பினார். பொழுது சாய்வதற்குள் இருவரும் முதல் மேட்டைக் கடந்துவிட்டார்கள்.

இனி, செல்லவிருக்கும் அன்பர்களுக்குச் சில சொற்கள். தை, மாசி மாதங்களே ஏற்றவை. மழைக்காலத்தில் அட்டையும் மலைக்காய்ச்சலும் மிகுதி. கொயினா மாத்திரையும் கம்பளியும் மறவாதீர்கள். ஏறுவதற்கு விடியலிலேயே தொடங்குங்கள். கோயிலுக்குச் செல்வோர் பள்ளியையும் எட்டிப் பாருங்கள். ஆனால் முன்வரிசையில் அமராதீர்கள். பார்ப்பவர் கண்ணுக்கு அஞ்சி ஒரு நல்ல ஆசிரியர் எவ்வளவு எளிதில் தடுமாறுகிறார் என்பதை அன்று நேரில் உணர்ந்தேன். உங்கள் ஊரில் ஆசிரியராக விரும்புவோர் இருப்பின், ஓராண்டு வீணாகிறதே என்று எண்ணாமல் இத்தகைய ஒருவரிடம் அனுப்புங்கள். சபையாரிடம் நான் அளித்த அறிக்கையிலும் இதையே எழுதினேன்.

இதைப் படிக்கும் உங்கள் இல்லத்தில் தானியம் குறையாதிருக்கட்டும், நோய் அணுகாதிருக்கட்டும். உங்கள் பிள்ளைகள் வேறாக ஒரு விடை சொல்லும் நாளில், எப்படி வந்தது என்று அருகமர்ந்து கேட்கும் ஆசிரியர் ஒருவரை இறைவன் அவர்களுக்கு அருள்வானாக.